வெடித்த தோட்டா வெளியே வருவதில் எத்தனை அதிசயம், தெரியுமா?

பழைய ‘த்ரீ நாட் த்ரீ’ (.303) துப்பாக்கியின் குண்டைத் துரத்தியது பருத்திதான் என்று சொன்னால் நம்புவீர்களா? திருப்பூரில் கிளம்பி அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகப் பர்லியாறு தாண்டி, குன்னூருக்கு மேலே ஏறுங்கள். சுமார் நூறு கிலோமீட்டரில் அருவங்காடு. ஊட்டி மலை ரயில் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே நிற்கும் ஸ்டேஷன். அங்கே இருக்கும் கார்டைட் ஃபேக்டரி 1900-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. குன்னூரைத் தாண்டி ஊட்டிக்கு ரயில் போனதே 1908-ல்தான்! ஃபேக்டரிக்காகப் பக்கத்துக் காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். நம் பக்கத்து மில்களுக்குப் பைகாரா மின்சாரம் வரத் தொடங்கியது 1930-களில். காட்டேரி அதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் மூத்தது!

கார்டைட் என்பது புகையில்லாத வெடிமருந்து. 1889-ல் ஃபிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டூயர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் உருவாக்கியது. அதன் உயிர்நாடி வெடிபஞ்சு, அதாவது அமிலத்தில் ஊறிய பருத்தி. முதலில் வந்த கார்டைட்டில் நூற்றில் 37 பங்கு வெடிபஞ்சு. மீதியில் பெரும்பகுதி நைட்ரோகிளிசரின், கடைசி ஐந்து பங்கு சாதாரண வாசலின்! அது அதிகச் சூடாக எரிந்து துப்பாக்கிக் குழலை அரித்துத் தின்றது. அதனால் அடுத்து வந்த வகையில் பஞ்சை 65 பங்காக உயர்த்தி, நைட்ரோகிளிசரினைக் குறைத்தார்கள். குழலின் ஆயுளைக் கூட்டியது கூடுதல் பஞ்சு!

இன்னொன்று கேளுங்கள். இங்கிலாந்தில் அந்த வெடிபஞ்சுக்கு வாங்கியது முதல் தரப் பஞ்சு இல்லை, நூற்பாலைக் கழிவு. இங்கே கோம்பர் நாயில் என்று பேல் போட்டு ஓ.இ. மில்களுக்கு அனுப்புகிறோமே, அந்த இனத்துச் சரக்கு. முதல் உலகப் போரில் 1915 ஆகஸ்டில் பிரிட்டன் பருத்தியையே போர்க்காலத் தடைப்பொருளாக அறிவித்துவிட்டது. ஜெர்மனிக்குப் பஞ்சு போகக் கூடாது! அவர்கள் மரக்கூழிலிருந்து வெடிமருந்து செய்யும் வழிக்கு மாறினார்கள். பிரிட்டனுக்கும் ஒரு தட்டுப்பாடு. கார்டைட்டைப் பிசையத் தேவையான அசிட்டோன் கிடைக்கவில்லை. மக்காச்சோளத்தைப் பாக்டீரியாவால் புளிக்க வைத்து அசிட்டோன் எடுத்துக் கொடுத்தவர் கைம் வைஸ்மன். பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர்!

இனி தோட்டாவுக்குள் போவோம். .303 தோட்டாவின் பித்தளைக் கூடு அடியில் அகலம், வாயில் குறுகல். கார்டைட்டோ குச்சி குச்சியாக வெட்டப்பட்ட கட்டு. அந்தக் கட்டு எப்படி இந்தக் குறுகிய கழுத்துக்குள் போனது? போகவே இல்லை! முதலில் நேரான குழாயாக இருக்கும் கூட்டுக்குள் குச்சிகளை வைத்தார்கள். அதன் மேல் ஒரு சின்ன அட்டை வில்லை. அதற்குப் பிறகுதான், உள்ளே வெடிமருந்து இருக்கும்போதே, வாயை நெருக்கிக் கழுத்தாக்கினார்கள். கடைசியில் குண்டு. கோடிக்கணக்கான தோட்டாக்கள் இப்படித்தான் செய்யப்பட்டன. நினைத்தாலே கைகள் நடுங்குகின்றன.

சுடுவது சுலபம் என்று யாரும் சொல்லிவிடலாம். உண்மையான பரீட்சை அடுத்த கணத்தில் வருகிறது. சுட்டு முடிந்த காலித் தோட்டா வெளியே வந்தால்தான் அடுத்தது உள்ளே போக முடியும். வராவிட்டால், எவ்வளவு பெரிய துப்பாக்கியும் வெறும் இரும்புத் தடி! இதை முடிவு செய்வது சேம்பர். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை அது. தோட்டாவைவிட அது எவ்வளவு பெரியது, எவ்வளவு சரிந்திருக்கிறது, உள்ளே எவ்வளவு வழுவழுப்பு என்ற மூன்று கேள்விகளில் சாம்ராஜ்யங்களின் போர்கள் மாட்டிக்கொண்டு தவித்திருக்கின்றன.

சுடும்போது என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் உள்ளே இருக்கும் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல மூவாயிரம் மடங்கைத் தொடுகிறது. பித்தளை உப்பி, சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால்தான் வாயு பின்னால் கசிந்து சுடுபவர் முகத்தில் அடிக்காது. குண்டு வெளியேறியதும் அழுத்தம் விழுகிறது. பித்தளை சுருங்க வேண்டும். நல்ல ரிப் கழுத்து தலையில் மாட்டும்போது விரிந்து, மாட்டிய பின் பழைய அளவுக்கே திரும்புகிறதே, ஏறக்குறைய அந்த ரெக்கவரிதான் இங்கேயும் வேலை செய்கிறது. முழுதாகத் திரும்பாது, ஒரு இழையளவு திரும்பினால் போதும், கூடு சுவரை விட்டு விலகிவிடும். ரெக்கவரி இல்லாத உலோகம் என்றால் கூடு உள்ளேயே அப்பிக்கொள்ளும்.

அதனால்தான் தோட்டாவுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை! வெறும் செம்பு மிருதுவானது, விரிந்தால் விரிந்தபடியே நின்றுவிடும். அமெரிக்க ராணுவம் 1876-ல் லிட்டில் பிக் ஹார்ன் சண்டையில் செம்புக் கூட்டுத் தோட்டாக்களோடுதான் போனது. கூடுகள் உள்ளே சிக்கியதால்தான் தளபதி கஸ்டரின் படை அழிந்தது என்று நூறு வருஷம் பேசினார்கள். 1983-ல் அங்கே புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளியே தெரிந்ததும், அகழாய்வாளர்கள் இறங்கிக் காலித் தோட்டாக்களைத் தேடிப் பொறுக்கினார்கள். கத்தி முனையால் நெம்பிய கீறல் இருக்கும் கூடுகள் மிகச் சிலவே! தோல்விக்குச் சிக்கிய கூடு முழுக் காரணம் இல்லை என்று, நூறு வருஷம் மண்ணில் கிடந்த செம்பே சாட்சி சொல்லிவிட்டது.

பிரிட்டிஷ்காரர்களின் மார்டினி-ஹென்றி துப்பாக்கியின் கதை இன்னும் கொடுமை. 1871-ல் வந்த அதன் தோட்டாவின் உடம்பு முழுப் பித்தளைக் குழாய்கூட இல்லை. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டு வைத்த பொருள்! நிழலில், சுத்தமான மைதானத்தில் நன்றாக வேலை செய்தது. 1885 ஜனவரி 17 அன்று சூடான் பாலைவனத்தில் அபு கிலியாவில் சண்டை. மணல், வெயில், தொடர்ந்து சுட்டதால் கொதிக்கும் குழல். சுருட்டிய தகடு சேம்பரில் ஒட்டிக்கொள்ள, இழுக்கும் கொக்கி அடித்தட்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தது. உடம்பு உள்ளேயே! எதிரி பத்தடியில் நிற்க, சிப்பாய் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தான். அதன் பிறகே ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளைக் கூட்டுக்கு மாற வேண்டும் என்ற குரல் வலுத்தது. அளவில் கஞ்சத்தனம் செய்தால் யாருடைய உயிர் அதற்கு விலையாகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கனடாவின் ராஸ் துப்பாக்கி! சேம்பர் அவ்வளவு துல்லியம், அவ்வளவு இறுக்கம். கனடாவில் செய்த தோட்டா கச்சிதமாக உட்காரும். குறி வைத்துச் சுடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு வெளியே இரண்டாம் சண்டை. முதல் முறையாக அங்கே குளோரின் வாயு பெரிய அளவில் வீசப்பட்டது. நம் லாகூர் டிவிஷனும் அதே சண்டையில் எதிர்த்தாக்குதலுக்கு ஏவப்பட்டது. கனடா வீரர்கள் கைக்கு வந்ததோ பிரிட்டனில் அவசரமாகச் செய்த .303 தோட்டா. அளவில் மயிரிழை பெரிது, அவ்வளவுதான். சுடும், ஆனால் வெளியே வராது! சேற்றில் உட்கார்ந்து, சேம்பரின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள். உயிர் பிழைத்த ஐயாயிரம் பேரில் 1,452 பேர் ராஸைத் தூக்கி எறிந்துவிட்டு, இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை, அதாவது நம் ‘த்ரீ நாட் த்ரீ’யை, எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கு இருக்கிறது. பிறகு ராஸின் சேம்பரைக் கடைந்து பெரிதாக்கினார்கள். ஆனால் போன நம்பிக்கை திரும்பவில்லை.

இதே தோட்டாவை லீ-என்ஃபீல்டு எப்படி வெளியே துப்பியது? காரணம் ஒன்று, அதன் சேம்பர் தாராளம். சேறு பிடித்த தோட்டாவுக்கும் அளவு தப்பிய தோட்டாவுக்கும் இடம் விட்டிருந்தார்கள். காரணம் இரண்டு, .303 கூட்டின் சரிவு. அடியில் 11.68 மி.மீ. இருக்கும் விட்டம் தோள்பட்டையில் 10.19 மி.மீ. ஆகிவிடும். ஒன்றரை மி.மீ. சரிவு! இப்படிச் சரிந்த பொருள் ஒரு இழை பின்னால் நகர்ந்தாலே சுற்றிலும் சுவரை விட்டு விலகிவிடும். பின்னாளில் வந்த 7.62 நேட்டோ தோட்டாவில் அந்தச் சரிவு 0.4 மி.மீ. அளவுதான்.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. லீ-என்ஃபீல்டின் போல்ட் கைப்பிடியை 60 பாகை மேலே தூக்கினால் போதும், பூட்டு திறந்துவிடும். தூக்கும்போதே கைப்பிடியின் அடிப்பகுதி உடற்பகுதியில் இருக்கும் ஒரு சாய்வில் ஏறுகிறது. அந்தச் சாய்வு போல்ட்டைக் கொஞ்சமே கொஞ்சம் பின்னால் தள்ளுகிறது. மெதுவான, ஆனால் பெரும் பலமான தள்ளு! கை சும்மா தூக்குவதாகத்தான் நினைக்கிறது. அதற்குள் கூடு சுவரை விட்டுக் கழன்றுவிடுகிறது. அதன் பிறகு இழுப்பது வெறும் பிள்ளை விளையாட்டு. ராஸில் நேராக இழுக்க வேண்டும், அங்கே இந்த நெம்புபலம் குறைவு. லீ-என்ஃபீல்டின் போல்ட்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். ராஸைத் தூக்கியெறிந்த கனடா வீரர்களின் கைக்குப் போனது, கனடாவில் வளர்ந்தவரின் வடிவம்!

செக்கிங் டேபிளில் இஞ்ச் டேப்போடு நிற்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். .303 தோட்டாவுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் தோட்டாவை உள்ளே விழாமல் நிறுத்துகிறது. விளிம்புக்கென விட வேண்டிய இடைவெளி குறைந்தது 0.064 அங்குலம், கூடினால் 0.074 அங்குலம். மி.மீ. கணக்கில் கால் மி.மீ. சலுகை. குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் கூடு பின்னால் நீண்டு, அடிக்கு மேலே மோதிரம் போல அறுந்துவிடும். அடி மட்டும் வெளியே வரும், உடல் உள்ளேயே நிற்கும். அந்த அறுந்த உடலைப் பிடித்து இழுப்பதற்கென்றே தனிக் கருவியைப் படைகளுக்குக் கொடுத்திருந்தார்கள்! இரண்டாம் உலகப் போரின் நான்காம் எண் லீ-என்ஃபீல்டு மாடலில் இன்னும் அழகான வழி: 0, 1, 2, 3 என்று எண் பொறித்த போல்ட் தலைகள். ஒவ்வொன்றும் அடுத்ததைவிட மயிரிழை குட்டை. இடைவெளி தேய்ந்து கூடினால், படையின் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் அடுத்த எண்ணைத் திருகி மாட்டிவிடுவார். துப்பாக்கி மறுபடியும் அளவுக்குள்!

சேம்பரில் எண்ணெய் இருந்தால் கூடு வழுக்கிக்கொண்டு சுலபமாக வந்துவிடுமே என்று தோன்றும். வரும்! ஆனால் சுவரைப் பிடித்து நிற்க வேண்டிய கூடு பிடிக்காமல், மொத்த உதையையும் போல்ட் மேல் போட்டுவிடும். அதனால் சுடும் முன் சேம்பரைத் துடைத்து உலர்த்த வேண்டும் என்று சிப்பாய்களுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தார்கள். துடைக்க என்ன கொடுத்தார்கள் தெரியுமா? நான்கு அங்குலம் நீளம், இரண்டு அங்குலம் அகலத்தில் கிழிக்கும் பருத்தி ஃபிளானல் துணி. கயிற்றில் மாட்டிக் குழல் வழியாக ஒரு இழுப்பு. கயிறும் எண்ணெய்க் குப்பியும் துப்பாக்கிக் கட்டையின் அடியில் ஒரு பொந்துக்குள் ஒளிந்திருக்கும். இத்தாலியர்களோ 1930-ல் செய்த பிரேடா இயந்திரத் துப்பாக்கியில் தோட்டாவுக்கு எண்ணெய் பூசும் பம்பையே வைத்துவிட்டார்கள், ஏனென்றால் கூட்டை மெதுவாக நகர்த்தித் தளர்த்தும் வேலையே அந்த வடிவத்தில் இல்லை. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அந்த எண்ணெயில் மணல் ஒட்டிய கதையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தியாவின் மழைக்காலம் உலோகவியலுக்கே பாடம் எடுத்த கதை தெரியுமா? தென்மேற்குப் பருவமழையில் படை நடமாட்டம் குறையும். பிரிட்டிஷ் இந்தியப் படை தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை விட்டதும் திறந்து பார்த்தால், தொடாத தோட்டாக்களின் கழுத்தில் விரிசல்! யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை. பருவத்துக்குப் பருவம் வந்ததால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தைச் சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா! பித்தளையை நெருக்கிக் கழுத்தாக்கும்போது அதற்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. ஈரக் காற்றில் கலந்த அம்மோனியா அந்த இறுக்கத்தைத் தேடிப் போய்ப் பிளக்கிறது. மருந்து என்ன? கழுத்தை லேசாகச் சூடாக்கி இறுக்கத்தை அவிழ்த்துவிடுவது. ராணுவத் தோட்டாவின் கழுத்தருகே நீலமும் ஊதாவுமாக ஒரு நிழல் தெரிந்தால், அது அந்தச் சூட்டின் தடம்.

சேம்பர் அளவு சட்டமாகவும் ஆனது, தெரியுமா? 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளையர்களுக்கு இந்தியச் சிப்பாயின் கையில் நல்ல துப்பாக்கி இருப்பதே பயம். அந்தக் காலத்து என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலில் இருந்த சுழல்வரிகளைக் கடைந்தெடுத்து, வழுவழுப்பாக்கிக் கொடுத்தார்கள். குண்டு தூரம் போகாது, குறி நிற்காது! பிறகு போலீசுக்கும் காவலர்களுக்கும் .410 மஸ்கட் என்று ஒன்று வந்தது. அது லீ-என்ஃபீல்டுதான். ஆனால் குழலில் வரிகள் கிடையாது. பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின் இடத்தில் ஒரு மரக்கட்டை, ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். அதன் தோட்டா கழுத்து நெருக்கப்படாத நேரான .303 கூடு! பறிபோனாலும் பட்டாளத்துத் தோட்டாவை வைத்து அதைச் சரியாகச் சுட முடியாதபடி, அவநம்பிக்கையை அங்குலக் கணக்கில் கடைந்து வைத்தார்கள். மக்களிடம் .303 போகக் கூடாது என்ற தடை இன்னொரு பிள்ளையைப் பெற்றது. அது .315 வேட்டைத் துப்பாக்கி. ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிச்சர் தோட்டாவின் வழிவந்த அந்த அளவை, சுதந்திரத்துக்குப் பிறகும் நம் ஆயுதத் தொழிற்சாலைகள் லைசென்ஸ்தாரர்களுக்காகச் செய்து வந்தன.

1962 சீனப் போருக்குப் பிறகு வங்கத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலை செய்த காரியம் உலகத்துத் துப்பாக்கிப் பிரியர்கள் இன்றும் வியக்கிற ஒன்று. மற்ற நாடுகள் போல்ட் துப்பாக்கியையே கைவிட்டுக்கொண்டிருந்த காலம். ஈஷாப்பூர் என்ன செய்தது? 1907-ல் வந்த அதே லீ-என்ஃபீல்டு வடிவத்தை எடுத்து, இன்னும் வலுவான எஃகில் செய்து, 7.62 நேட்டோ தோட்டாவுக்குச் சேம்பர் வெட்டியது! விளிம்புள்ள தோட்டாவுக்காகப் பிறந்த துப்பாக்கிக்கு விளிம்பில்லாத தோட்டா. விளிம்பு இல்லை என்றால் எதில் நிற்கும்? தோள்பட்டையில். கொக்கி எதைப் பிடிக்கும்? அடியைச் சுற்றி வெட்டிய பள்ளத்தை. அழுத்தமும் .303-ஐவிடக் கூடுதல். இத்தனையும் மாற்றியும் வெளித் தோற்றம் அப்படியே பாட்டன் முகம். அடையாளம் காண ஒரு வழி, சதுரமாக நீட்டிய பன்னிரண்டு தோட்டா மேகசின். 2A, 2A1 என்று இரண்டு மாடல்கள். முதலாவதில் பார்வைக்குறி 2,000 மீட்டர் வரை, இரண்டாவதில் 800 மீட்டர். அதற்கு மேல் யாரும் குறி வைப்பதில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்ட மாற்றம் அது.

.303-ஓ அதற்குப் பிறகும் ஓயவில்லை. நாடு முழுக்கக் காவல் நிலையங்களில் நின்றது. உத்தரப் பிரதேச காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது. தோட்டா 1888-ல் பிறந்தது. 132 வருஷம்!

பக்கத்தில் எங்கே பார்க்கலாம்? கோவை ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் காவல் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே பழைய காவல்துறை ஆயுதங்கள் காட்சிக்கு இருக்கின்றன. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். போல்ட் துப்பாக்கியைப் பார்த்தால் குழல் முனையைப் பார்க்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள். போல்ட் கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். பிறகு போல்ட்டின் முன் முனையில் நகம் அளவுக்கு இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியைத் தேடுங்கள். மேகசின் வாய் மரக்கட்டையால் அடைபட்டிருந்தால், அது .410 மஸ்கட்.